மருந்தான ஓய்வும் தண்டனையான ஓய்வும்



இந்த முறை இனிப்புநீர் வியாதியைப் பற்றி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அது இன்னும் ஒரு மாதம் பொறுக்கட்டும். சிங்கப்பூருக்குப் போன இடத்தில் ஒரு முழங்காலைப் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு முழங்காலுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள். படித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் டோபி காட் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அது பூமிக்கு அடியில் மூன்று ரயில் பாதைகள் வந்து கூடும் பெரிய நிலையம். அங்கிருந்து ஒரே ஸ்டேஷன் போனால் லிட்டில் இந்தியா. பேருக்குப் பொருள் சலவைத்துறை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன டோபிகள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். ஓடை பிற்பாடு ஸ்டாம்போர்ட் கால்வாய் ஆகி, கட்டடங்களுக்கும் சாலைக்கும் கீழே மறைந்துவிட்டது. பேர் மட்டும் நின்றுவிட்டது. நாள் முழுவதும் தண்ணீரில் நின்று, குனிந்து, தலைக்குமேல் ஓங்கி அடித்த அந்த மனிதர்களின் இடுப்பும் தோளும் என்ன ஆகியிருக்கும்? ஆஸ்பத்திரிக்காரன் புத்தி, அந்த இடத்தில் நின்றபோது எனக்கு இதுதான் தோன்றியது.

அங்கே என் அக்கா மகனுக்காகக் காத்திருந்தேன். அவன் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஹாக்கி ஆடப் போய்விடுவான். நம் தோட்டத்துத் திடல்களில் எப்போதும் பந்துதான். ஹாக்கி ஆடிய தோட்டத்துப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். இவனுக்கு அந்தப் பித்து அத்தானிடமிருந்து வந்தது.

படியில் இறங்கி வந்தான். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை விடாமல் இறங்கினான். இருபத்தாறு வயசுப் பையன் அப்படி இறங்கக் கூடாது.

“என்னப்பா கால்ல?”

“ஒண்ணுமில்ல மாமா. ஹாக்கில பட்டுருச்சி.”

வெளியே புல்வெளிப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கால்சட்டையைச் சுருட்டச் சொன்னேன். வலது முழங்கால் பம்மிப் போயிருந்தது. பட்டு ஒன்பது நாள். எப்போது வீங்கியது என்று கேட்டேன். “அன்னைக்கே, ரெண்டு மணி நேரத்துல” என்றான். தோழர்களே, இதை மனசில் வையுங்கள். முழங்கால் திருகிக்கொண்டு, சில மணி நேரத்துக்குள்ளேயே பெரிதாக வீங்கினால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், தசைநார் அறுந்திருக்கலாம். மறுநாள் மெல்ல வீங்குவது வேறு கதை.

எந்தத் திடலில் ஆடும்போது பட்டது என்று கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உண்மை வந்தது. ஹாக்கியும் இல்லை, ஒன்றுமில்லை. கிடங்கு வாசலில் மழைத் தண்ணீர். கையில் பெட்டியோடு வழுக்கியிருக்கிறான். பாதம் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது.

“அப்புறம் ஏன்டா ஹாக்கின்னு சொல்றே?”

“சூப்பர்வைசர் கேட்டாரு, சொல்லிட்டேன். அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுசு பண்ணணும் மாமா. வேலையில விழுந்தவன்னு பேரு வந்திச்சின்னா, நீ நல்லா ரெஸ்ட் எடுத்துக்கன்னு ஒரேயடியா அனுப்பிருவாங்க.”

ரெஸ்ட்! இருபது வருஷமாக அந்தச் சொல்லை நான் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் ஓய்வு, பாரம் தூக்காமல் ஓய்வு. மாத்திரையைவிட உசத்தியான மருந்து அது. அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு பையன் பயப்படுகிறான். பயந்து, பட்ட இடத்தையே மாற்றிச் சொல்கிறான்.

எனக்குச் சுருக்கென்று பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவன் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வருவது ஓர் ஆட்டக்காரர் படம். தோளைத் தொடும் முடி, கையில் மட்டை, ஓட்டம். தன்ராஜ் பிள்ளை. அவருக்கும் ஒரு தடவை ‘ஓய்வு’ கொடுத்தார்கள்.

தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். தன்ராஜ் 1968 ஜூலை 16-ல் பூனாவை அடுத்த கட்கியில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். தகப்பனார் நாகலிங்கம், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் விளையாட்டுத் திடலைப் பராமரித்த தொழிலாளி. தாயார் ஆண்டாளம்மா. வளர்ந்தது தொழிற்சாலைக் குடியிருப்பில். நம் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய விளங்கிவிடும். உடைந்த மட்டை, மற்றவர்கள் தூக்கிப் போட்ட பந்து, சேற்றுத் தரை. அண்ணன் ரமேஷ் பம்பாயில் ஆடிக்கொண்டிருந்தார். இவரும் எண்பதுகளின் நடுவில் அங்கே போய், மஹிந்திரா கம்பெனி அணியில் ஆடி, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போனார். 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்கு ஆடினார். ஒலிம்பிக் நான்கு, உலகக் கிண்ணம் நான்கு, ஆசிய விளையாட்டு நான்கு. நம் நாட்டிலும் பேங்க் சிம்பானான் நேஷனல் அணிக்கும் டெலிகம் அணிக்கும் ஆடியிருக்கிறார். 2003-ல் கோலாலம்பூரில் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 4-2 என்று ஜெயித்தபோது அவர்தான் கேப்டன். அந்த வெற்றியை அத்தான் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. அங்கேயும் தன்ராஜ் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை பெனால்டி அடிகளில் வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அதற்கு முன் தங்கம் கிடைத்தது 1966-ல், அதுவும் பாங்காக்கில்தான். முப்பத்திரண்டு வருஷக் காத்திருப்பு. ஊருக்கு வந்தார்கள், மாலை போட்டார்கள். அடுத்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது தன்ராஜுக்கும் வேறு ஆறு மூத்த ஆட்டக்காரர்களுக்கும் இடம் இல்லை. அதிகாரிகள் சொன்ன காரணம்: ஓய்வு கொடுத்திருக்கிறோம்.

வெளியே பரவலாகப் பேசப்பட்டது வேறு. ஆட்டச் சம்பளம் போதவில்லை, வெளிநாட்டுப் பயணப் படி போதவில்லை என்று தன்ராஜ் நிர்வாகத்தோடு மோதியிருந்தார். அந்த வருஷம் பாகிஸ்தானோடு நடந்த தொடருக்கு முன்பே படிக்காசு விஷயத்தில் அணி மேலாளரோடு வாக்குவாதம். ஓய்வு என்பது அதற்குக் கிடைத்த கூலி என்றுதான் ஆட்டத்தைத் தெரிந்தவர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் ஏழு பேருக்குக் களைப்பு வருமா? ஆஸ்பத்திரியில் ஏழு பேர் ஒரே நாளில் ஒரே நோயோடு வந்தால் நாங்கள் குடிநீரைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

“நாட்டுக்காக ஆடுறவன் காசு கேக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். நம் சங்கக் கூட்டத்திலேயே அப்படிப் பேசியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு விவரம். அந்தக் காலத்து இந்திய ஹாக்கிக்காரர்களுக்குச் சோறு போட்டது விமானக் கம்பெனி, ரயில்வே, போலீஸ், பேங்க் போன்ற இடங்களில் கிடைத்த உத்தியோகம். அதனால், ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு ஆட்டக்காரனின் உழைப்புக்கு விலை இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. சம்பளம்தான் வேறு இடத்தில் வாங்குகிறாரே! சாயந்தர வேலைக்குக் கூப்பிட்டு, காலையில்தான் கூலி வாங்கிட்டியே என்று சொல்வது போல இருக்கிறது.

அந்த உழைப்பு உடம்பை என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். ஹாக்கி மட்டை குட்டை. ஆட்டக்காரன் நிமிர்ந்து ஓட முடியாது. இடுப்பை மடக்கி, முழங்காலை வளைத்து, அந்த நாளில் முப்பத்தைந்து முப்பத்தைந்து நிமிஷமாக இரண்டு பாதி ஓட வேண்டும். கீழ்முதுகு வலி இல்லாத ஹாக்கிக்காரனைப் பார்ப்பது அபூர்வம். பந்து ஏறக்குறைய 160 கிராம், கல் மாதிரி. பெனால்டி கார்னரில் அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்கு எதிரே ஓடிப்போய்த்தான் தடுக்க வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஆட்டங்கள் புல்லை விட்டு செயற்கைத் தரைக்குப் போய்விட்டன. வேகம் கூடியது. சேற்றிலும் புல்லிலும் வளர்ந்த முழங்கால்கள் அந்தத் தரையில் திரும்பப் பழகவேண்டி வந்தது. தரையை மாற்றலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு முழங்கால் வலிக்கவில்லை. நம்மிடமும் அப்படித்தானே? பால்மரம் போய் செம்பனை வந்தது. குனிந்து பால் வெட்டிய சனத்தின் பிள்ளைகள் நாள் முழுக்க அண்ணாந்து குலை வெட்டுகிறார்கள். முதுகு வலி குறைந்து கழுத்து வலி வந்தது. என் புத்தகத்தில் நோயின் பேர் மாறியது, வரிசையின் நீளம் மாறவில்லை.

பாங்காக்கில் தங்கம் வாங்கியபோது தன்ராஜுக்கு வயது முப்பது. உத்தியோகத்துக்கு அது காலை நேரம். ஹாக்கிக்காரனுக்குச் சாயந்தரம். உடம்பு நன்றாக இருக்கும்போது கேட்காவிட்டால் பிறகு எப்போது கேட்பது? உடம்பு போனபின் கேட்டால் அதற்குப் பேர் கூலி இல்லை, தர்மம். அவர் வாழ்க்கையைப் பற்றி 2007-ல் வந்த ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பு, அம்மா என்னை மன்னித்துவிடு என்று பொருள்படும். கூலி கேட்டவன் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். புத்தகத்தை எழுதியவர் நினைத்தது அதுவாக இல்லாமல் இருக்கலாம்.

2010-ல் நடந்தது வேறு மாதிரி. டெல்லியில் உலகக் கிண்ணத்துக்கு ஏழு வாரம்கூட இல்லை. பூனாவில் பயிற்சி முகாம். சேரவேண்டிய பணம் வரும்வரை மட்டையைத் தொட மாட்டோம் என்று கேப்டன் ராஜ்பால் சிங்கோடு அணி முழுவதும் உட்கார்ந்துவிட்டது. தலைக்கு 25,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார்கள் ஆட்டக்காரர்கள். கெடு வைத்தார்கள், அதற்கும் அசையவில்லை. சில நாளில் பணத்துக்கு வழி பிறந்தது, பயிற்சி தொடங்கியது. அதே சமயத்தில் போபாலில் இருந்த பெண்கள் அணியும், எங்களுக்கும் வரவில்லை என்று குரல் கொடுத்தது. பெண்களின் பாக்கியைப் பற்றிய சேதி ஆண்களுடையதுக்குப் பிறகுதான் வந்தது. பெரட்டுக் களத்திலும் அப்படித்தான், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். வேலைநிறுத்தம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதா என்றால், பிப்ரவரி 28-ஆம் தேதி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானை 4-1 என்று அடித்தார்கள். முடிவில் எட்டாவது இடம்தான், மறைக்கவில்லை. ஆனால் தன்ராஜுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். வாய் திறந்தவர் ஒருவர், கூட நின்றவர் சிலர் என்றால் அவர்களுக்கு ‘ஓய்வு’ கொடுக்கலாம். அணியே உட்கார்ந்தால் யாருக்கு ஓய்வு கொடுப்பது?

டோபி காட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பையன் தன் கைப்பேசியில் இன்னொருவரைக் காட்டினான். கனடாக்காரர், டெட் லிண்ட்சே. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கி அவருடையது. நம் ஹாக்கிக்குப் பெரியப்பன் மகன் என்று சொல்லலாம், முரடன். அந்த மனுஷன் முகத்தில் தையல் போடாத இடம் இல்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் அணிக்குப் பதினான்கு பருவம் ஆடியவர். 1957-ல் மற்ற ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார். பென்ஷன் கணக்கைக் காட்டுங்கள் என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று. அவர் வாழ்க்கையிலேயே அதிகப் புள்ளி சேர்த்த பருவம் அதுதான். அதே வருஷம் அவரைத் தூக்கி, நலிந்து கிடந்த சிகாகோ அணிக்கு அனுப்பினார்கள். தோட்டம் மாற்றல் நமக்குப் புதிதா? சங்கம் அப்போதைக்குச் சிதறியது. பத்து வருஷம் கழித்து, 1967-ல், ஆட்டக்காரர் சங்கத்தை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். இன்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் விருதுக்கு அவர் பேர்தான். எனக்குப் பிடித்தது இது: 1966-ல் அவரைக் கௌரவிக்கும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், ஆண்களுக்கு மட்டும்தான் இடம், பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வர முடியாது என்று தெரிந்ததும் அவர் போகவே இல்லை.

பையனைத் திட்டத்தான் நினைத்தேன். திட்ட எனக்கு வாய் இல்லை. காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்பு, வேறொரு தோட்டத்தில், குலை வெட்டுகிற ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் செம்பனைத் தூள். எங்கே பட்டது என்றேன். வீட்டில் குளியலறையில் விழுந்தேன் என்றார். மண்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு, காண்டாவும் கையுமாக இருக்கவேண்டிய ஆள், குளியலறையில் எப்படி விழுவார்? எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். ஆனாலும் புத்தகத்தில் ‘வீட்டில் விழுந்தார்’ என்று எழுதி, மருந்து தடவி, ஊசி போட்டு அனுப்பினேன். நான்கு மாதத்தில் தோள் இறுகிப்போய்க் கை மேலே எழும்பவில்லை. நஷ்டஈடு கேட்கப் போனபோது என் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்து. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்குகூடக் கொடுத்தனுப்பினார். அந்த முறுக்கை என்னால் தின்ன முடியவில்லை.

ஆகவே டிரெஸர் சொல்கிறேன், கேளுங்கள். வேலையில் பட்டால் வேலையில் பட்டது என்றே சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, யார் பார்த்தார்கள், மூன்றையும் சொல்லுங்கள். நாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “என்னா எழுதுனீங்க ஐயா, படிங்க” என்று கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தால் சங்கத்தில் சொல்லுங்கள். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சோக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவ விடுப்பு விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி தினக்கூலியில் 80 சதவீதம் சோக்சோவிலிருந்து கிடைக்கும். 2019 முதல் பங்களாதேஷ், இந்தோனேசியத் தோழர்களுக்கும் சோக்சோ உண்டு. பக்கத்து வரிசையில் வெட்டுகிறவருக்கு இதைச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே வேலைக் காய நஷ்டஈட்டுச் சட்டப்படி விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டுப் போனாலும் அந்த ஒரு வருஷத்துக்குள் கேட்கலாம்.

முழங்கால் பட்டால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. பாட்டி மனசு கஷ்டப்பட்டாலும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிஷம் வையுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். படி இறங்கும்போது கால் விட்டுப்போவது மாதிரி இருந்தாலோ, மடக்கிய முழங்கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். “ஒரு ஊசி போடுங்க ஐயா, நாளைக்கு வேலைக்குப் போயிடுறேன்” என்று கேட்கிறீர்களே, ஊசி வலியைத்தான் மறைக்கும், அறுந்ததை ஒட்டாது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் நாள்கணக்காக விழுங்கினால் குடலும் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும்.

பையனிடம் அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. தோள்காரர் கதையை மட்டும் சொன்னேன். முறுக்கையும் சேர்த்து. எழுந்திருக்கும்போது, “அந்தப் புத்தகத்துல மாத்தி எழுத முடியாதா மாமா?” என்று கேட்டான். முடிந்திருந்தால் எழுதியிருப்பேன் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை போன் செய்தான். டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டானாம். கிடங்கு வாசல், தேதி, நேரம், கூட இருந்த இரண்டு பேர், எல்லாம் தாளில் ஏறிவிட்டது. ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். காண்ட்ராக்ட் கடிதம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி டோபி காட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். படியில் இறங்காதே, லிஃப்டில் வா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.